வெசுவியஸ் வெடித்தது ஆகஸ்டிலா, அக்டோபரிலா? பழங்காலத் தேதிகள் நமக்குக் கிடைக்கும் கதை

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் "வரலாற்றில் இன்று" பட்டியல்கள் வரிசையாக வரும். 2-ஆம் தேதி கன்னே போர். 9-ஆம் தேதி அட்ரியானோபிள். 24-ஆம் தேதிக்கு இரண்டு: கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை இத்தாலியின் பாம்பேய் நகரைப் புதைத்தது, கி.பி. 410-ல் விசிகோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார் ரோமுக்குள் புகுந்து மூன்று நாள் சூறையாடினார்கள். இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 24 அன்று, அதே வெசுவியஸ் இன்னொரு பட்டியலில் வந்து நிற்கும். ஒரே ஊரை ஒரே ஆண்டில் இரண்டு தடவையா புதைத்தது என்று கேட்கத் தோன்றும்.

ஒரு தடவைதான் புதைத்தது. எந்த மாதம் என்பதில்தான் சண்டை. அந்தச் சண்டை ஏன் வந்தது என்று புரிய வேண்டுமானால், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நிகழ்வுக்கு "ஆகஸ்ட் 24" என்ற முத்திரை எப்படி விழுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு ஆகஸ்ட் மாதமே நல்ல உதாரணம். உறுதியான தேதி, தள்ளாடும் தேதி, தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட தேதி, மூன்றும் இந்த ஒரு மாதத்திலேயே கிடைக்கின்றன.

## ஒரு தேதி தாண்டி வர வேண்டிய மூன்று படிகள்

1. நிகழ்வு நடந்த காலத்திலோ சற்றுப் பின்போ யாராவது அதன் நாளைத் தன் ஊர்க் கணக்கில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

2. அந்த எழுத்து நம் கைக்கு வர வேண்டும். கல்லில் இருந்தால் பெரும்பாலும் எழுதியது எழுதியபடி வரும். ஏடாக இருந்தால் பல நூறு ஆண்டுகள் ஒருவர் பார்த்து இன்னொருவர் எழுதி வந்திருப்பார்கள். எண்ணிலும் மாதப் பெயரிலும்தான் கை எளிதாகத் தவறும்.

3. பழைய கணக்கை இன்றைய கணக்குக்கு யாராவது மாற்ற வேண்டும். இரண்டுக்கும் இடையே பாலம் இல்லையென்றால் மாற்றவே முடியாது.

பட்டியலில் நாம் பார்ப்பது மூன்றாம் படியின் விளைவை மட்டும். முதல் இரண்டு படிகளில் என்ன நடந்தது என்பதை அது சொல்வதில்லை.

## ரோமானியர் நாள் எண்ணிய விதம்

ரோமானியர் நம்மைப் போல 1, 2, 3 என்று மேலே எண்ணிக்கொண்டு போகவில்லை. மாதத்தில் மூன்று நாள்களுக்குத்தான் பெயர்: முதல் நாள் காலெண்ட்ஸ், 5 அல்லது 7-ஆம் நாள் நோன்ஸ், 13 அல்லது 15-ஆம் நாள் ஐட்ஸ். மற்ற நாள்களை, "அமாவாசைக்கு மூன்று நாள் முன்னால்" என்று நாம் சொல்வது போல, அடுத்து வரும் பெயருள்ள நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினார்கள். அந்தக் கடைசி நாளையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். எனவே "செப்டம்பர் காலெண்ட்ஸுக்கு முன் ஒன்பதாம் நாள்" என்றால் செப்டம்பர் 1-ஐ ஒன்று என்று வைத்துப் பின்னால் போக வேண்டும். ஆகஸ்ட் 24 வரும்.

இதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஆகஸ்டின் பிற்பாதி நாள்கள் எல்லாவற்றிலும் எழுதப்பட்டிருப்பது செப்டம்பரின் பெயர். படியெடுப்பவர் அந்த ஒரு சொல்லை மாற்றிவிட்டால் தேதி மாதக் கணக்கில் தாவிவிடும்.

## ஆறாம் மாதம் ஆகஸ்டான கதை

கி.மு. 8 வரை ஆகஸ்ட் என்று ஒரு மாதமே இல்லை. அதன் பெயர் செக்ஸ்டிலிஸ், ஆறாவது என்று பொருள். பழைய ரோமில் ஆண்டு மார்ச்சில் தொடங்கியதால் வந்த பெயர். அதற்கு முந்தைய குவின்டிலிஸ், ஐந்தாவது, கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசர் பெயரில் ஜூலை ஆகியிருந்தது.

ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் பிறந்தது செப்டம்பரில். ஆனாலும் அவர் பெயர் செக்ஸ்டிலிஸுக்கு வைக்கப்பட்டது. காரணத்தை செனட் தீர்மானமே சொல்கிறது: அவர் முதன்முதலாக கான்சல் (ரோமின் மிக உயர்ந்த ஆட்சிப் பதவி) ஆனது, எகிப்து ரோமின் வசம் வந்தது, மூன்று வெற்றி ஊர்வலங்கள் நடத்தியது எல்லாம் இந்த மாதத்தில். கி.மு. 30 ஆகஸ்ட் 1 அன்று அலெக்சாண்டிரியா வீழ்ந்தது; ஆன்டனி தற்கொலை செய்துகொண்டார்; சில நாள்களில் கிளியோபாட்ராவும். ஆக, அந்த நாளில் அங்கிருந்த எவருக்கும் அது "ஆகஸ்ட் 1" இல்லை. பெயர் 22 ஆண்டுகள் கழித்து ஒட்டப்பட்டது.

இங்கே ஒரு கட்டுக்கதையையும் தீர்த்துவிடலாம். சீசரின் ஜூலைக்கு 31 நாள் இருக்கிறதே என்று பொறாமைப்பட்ட அகஸ்டஸ், பிப்ரவரியிலிருந்து ஒரு நாளைப் பிடுங்கித் தன் மாதத்தில் சேர்த்துக்கொண்டார் என்று இன்றும் பகிர்கிறார்கள். இது 13-ஆம் நூற்றாண்டில் சாக்ரோபோஸ்கோ என்ற அறிஞர் கிளப்பிவிட்டது. அன்ட்சியோ நகரில் கிடைத்த, சீசருக்கு முந்தைய சுவர் நாள்காட்டியில் செக்ஸ்டிலிஸுக்கு 29 நாள், பிப்ரவரிக்கு 28 நாள். செக்ஸ்டிலிஸில் இரண்டு நாள் கூட்டி 31 ஆக்கியது சீசரே. பிப்ரவரி முன்பும் 28-தான். பாவம் அகஸ்டஸ், இதில் அவருக்குப் பங்கில்லை.

அவர் முதல் தடவை கான்சல் ஆனது கி.மு. 43 ஆகஸ்ட் 19. இறந்தது கி.பி. 14 ஆகஸ்ட் 19. இந்தப் பொருத்தத்தை அன்றே ரோமில் பேசிக்கொண்டார்கள் என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார்.

## கன்னே: எழுத்தில் உறுதி, பருவத்தில் தள்ளாட்டம்

கி.மு. 216-ல் கன்னேயில் கார்தேஜ் தளபதி ஹன்னிபாலின் படை, தன்னைவிடப் பெரிய ரோமானியப் படையைச் சுற்றி வளைத்து அழித்தது. வரலாற்றாசிரியர் லிவியின் கணக்கில் சுமார் 48,000 பேர் மாண்டார்கள். பாலிபியஸ் 70,000 என்கிறார். நாள்? செக்ஸ்டிலிஸ் நோன்ஸுக்கு முன் நான்காம் நாள், அதாவது 2-ஆம் தேதி. ரோமானிய மரபு இந்த நாளைத் துக்க நாளாகவே நினைவில் வைத்திருந்தது. முதல் இரண்டு படிகளில் குறையே இல்லை.

குறை மூன்றாம் படியில். சீசருக்கு முந்தைய ரோமானிய ஆண்டு 355 நாள். சூரியனோடு ஒட்டுவதற்காக, நம் பஞ்சாங்கத்து அதிக மாதம் போல, அவ்வப்போது ஒரு மாதத்தை இடையில் செருக வேண்டும். எப்போது செருகுவது என்று முடிவு செய்தவர்கள் பூசாரிகள். பூசாரிகளோ அரசியல்வாதிகளும்கூட. வேண்டியவர் பதவியில் இருந்தால் ஆண்டை நீட்டலாம், வேண்டாதவர் இருந்தால் சுருக்கலாம். போர்க்காலத்தில் பல தடவை செருகாமலே விட்டார்கள்.

எவ்வளவு தூரம் விலகியது என்பதற்கு லிவியிடமே சாட்சி இருக்கிறது. ரோமானியக் கணக்கில் ஜூலை 11 அன்று பட்டப்பகலில் சூரியன் மறைந்தது என்று ஒரு குறிப்பு. அந்தக் கிரகணம் வானியல் கணக்கில் கி.மு. 190 மார்ச் 14. கிட்டத்தட்ட நான்கு மாத வித்தியாசம்! சுவரில் ஜூலை, வயலில் வசந்தம். கி.மு. 168-ல் பிட்னா போருக்கு முந்தைய இரவில் வந்த சந்திர கிரகணத்தை வைத்துப் பார்த்தால் விலகல் இரண்டரை மாதமாகக் குறைந்திருந்தது.

அப்படியானால் கி.மு. 216-ல் விலகல் எவ்வளவு? அந்த ஆண்டுக்குக் கைகொடுக்கும் கிரகணம் இல்லை. ஹன்னிபால் புதிய விளைச்சலுக்காகக் காத்திருந்தார், கன்னேயில் ரோமானியர் சேர்த்து வைத்திருந்த தானியத்தைப் பிடித்தார் என்ற பாலிபியஸின் குறிப்பை வைத்து, போர் நடந்தது உண்மையில் ஜூலை தொடக்கம் அல்லது அதற்கும் முன் என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். ஆகவே "ஆகஸ்ட் 2" என்பது ரோமானியர் நாள்காட்டியில் இருந்த நாள். நம் ஆகஸ்ட் 2-இன் வெயிலை அதோடு சேர்த்துக் கற்பனை செய்தால்தான் சிக்கல்.

இந்தக் குழப்பத்தை முடித்து வைத்தது சீசர். கி.மு. 46-ஐ 445 நாளாக நீட்டி, கி.மு. 45 ஜனவரி 1 முதல் 365 நாள், நான்காண்டுக்கு ஒரு லீப் நாள் என்று வைத்தார். அப்புறமும் பூசாரிகள் விடவில்லை. "நான்காம் ஆண்டு" என்பதை, முன்பு சொன்ன ரோமானிய எண்ணும் முறைப்படி, மூன்றாண்டுக்கு ஒன்றாகப் புரிந்துகொண்டு லீப் நாள் சேர்த்தார்கள். சில ஆண்டுகள் லீப் நாளே இல்லாமல் விட்டு அதைச் சரிக்கட்டியவர் அகஸ்டஸ். எனவே அலெக்சாண்டிரியா விழுந்த ஆகஸ்ட் 1-இலும் ஒரு நாள் அசைவு உண்டு.

## வானம் எழுதி வைத்த தேதி

கன்னேக்கு ஏறக்குறைய 200 ஆண்டு முந்தைய ஒரு ஆகஸ்ட் நிகழ்வு இதைவிட உறுதியானது என்றால் வியப்பாக இருக்கும். கி.மு. 413-ல் சிசிலியின் சிரக்யூஸ் நகரை முற்றுகையிட்டிருந்த ஏதென்ஸ் படை தோற்றுக்கொண்டிருந்தது. கப்பலேறித் தப்பிவிடுவது என்று முடிவாகி எல்லாம் தயார். அன்றிரவு முழு நிலவு மறைந்தது. தளபதி நிகியாஸ் சகுனம் பார்ப்பவர். மும்முறை ஒன்பது நாள், 27 நாள் கழிந்த பிறகே புறப்படுவதைப் பற்றிப் பேச வேண்டும் என்று குறி சொல்பவர்கள் சொன்னதைக் கேட்டு உட்கார்ந்துவிட்டார். இடைப்பட்ட நாள்களில் எதிரி துறைமுகத்தின் வாயை அடைத்தான். கடைசியில் ஏதென்ஸ் வீரர்கள் தரைவழியே ஓடிப் பிடிபட்டார்கள்; 7,000-க்குக் குறையாதவர்கள் கல்குவாரிகளில் அடைக்கப்பட்டார்கள்; நிகியாஸ் கொல்லப்பட்டார்.

இதைப் பதிவு செய்த தூசிடிடீஸ் தேதி எதையும் தரவில்லை. "சந்திர கிரகணம்" என்று மட்டும் சொன்னார். அதுவே போதும். நிலவின் ஓட்டத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் சிரக்யூஸில் தெரிந்த கிரகணம் கி.மு. 413 ஆகஸ்ட் 27 என்று விழுகிறது. ஏதென்ஸின் நாள்காட்டி எப்படித் தாறுமாறாக ஓடியிருந்தாலும் கவலையில்லை. பூசாரியின் கை நிலவுக்கு எட்டாது.

## சரி, வெசுவியஸ்?

கி.பி. 79-ல் சீசரின் நாள்காட்டி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. எனவே இங்கே மூன்றாம் படியில் சிக்கல் இல்லை, இரண்டாம் படியில்தான். தேதிக்கு ஒரே எழுத்துச் சாட்சி இளைய பிளினி. வெடிப்பின்போது 17 வயது. வளைகுடாவின் மறு முனையில் இருந்த மிசேனத்திலிருந்து பார்த்தவர். மீட்கப் போன மாமாவை அன்று இழந்தவர். சுமார் 25 ஆண்டுகள் கழித்து டாசிட்டஸுக்கு எழுதிய கடிதத்தில் நாளைச் சொல்கிறார். மதிப்புமிக்க கைப்படியில் இருப்பது "செப்டம்பர் காலெண்ட்ஸுக்கு முன் ஒன்பதாம் நாள்", ஆகஸ்ட் 24. ஆனால் எல்லாக் கைப்படிகளும் ஒத்துப்போகவில்லை. "நவம்பர் காலெண்ட்ஸ்" என்று இருந்திருந்தால் அதே ஒன்பதாம் நாள் அக்டோபர் 24 ஆகிவிடும். இரண்டு மாத வித்தியாசமும் ஒரே ஒரு சொல்லில்.

அக்டோபர் பக்கம் நிற்பவர்கள் காட்டும் சான்றுகள்:

1. அகழ்வில் கிடைத்த மாதுளை, கஷ்கொட்டை, வால்நட் போன்ற இலையுதிர் காலப் பழங்கள்.

2. திராட்சை அறுவடை முடிந்து, மூடி முத்திரையிடப்பட்டிருந்த ஒயின் சாடிகள்.

3. வீடுகளில் பயன்பாட்டில் இருந்த கணப்புச் சட்டிகள்.

4. 2018-ல் பாம்பேயின் ஒரு வீட்டுச் சுவரில் கிடைத்த கரி எழுத்து. நவம்பர் காலெண்ட்ஸுக்கு முன் பதினாறாம் நாள், அதாவது அக்டோபர் 17 என்று அதில் இருக்கிறது. அந்த வீட்டில் அப்போது பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது.

நான்காவதைத்தான் செய்திகள் "மர்மம் தீர்ந்தது" என்று போட்டன. அவ்வளவு சுலபமில்லை. அந்த எழுத்தில் ஆண்டு இல்லை. கரியால் எழுதியது ஓராண்டு தாங்காது, எனவே அதே ஆண்டுதான் என்பது நியாயமான ஊகம்; ஆனால் ஊகம். காசியஸ் டியோ என்ற வரலாற்றாசிரியர் வெடிப்பு இலையுதிர் காலத்தில் நடந்தது என்று எழுதியிருப்பதும் முடிவான சான்றாகாது. ரோமானிய உழவர் கணக்கில் இலையுதிர் காலம் ஆகஸ்ட் 11 வாக்கிலேயே தொடங்கிவிடும். ஆகஸ்ட் 24-உம் அதற்குள் அடங்கும். பழங்களைக் காய வைத்து மாதக்கணக்கில் வைத்திருக்கலாம் என்ற பதிலும் உண்டு.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அசைகிறது. சேர்த்துப் பார்த்தால் தராசு அக்டோபர் பக்கம் சாய்வதாகவே எனக்குப் படுகிறது. "ஆகஸ்ட் 24 நிரூபணம்" என்பதும் "அக்டோபர் 24 நிரூபணம்" என்பதும் இப்போதைக்கு மிகைதான்.

## ஒரே பட்டியலில் பல காலண்டர்கள்

கி.பி. 378 அட்ரியானோபிள் போரில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. வரலாற்றாசிரியர் அம்மியானஸ் ஆகஸ்ட் ஐட்ஸுக்கு முன் ஐந்தாம் நாள் என்கிறார்: ஆகஸ்ட் 9. கோத்துகள் வயல்வெளிக்குத் தீ வைத்ததும், வெயிலிலும் தாகத்திலும் ரோமானியப் படை துவண்டதும் பருவத்தோடு அப்படியே பொருந்துகின்றன. பேரரசர் வாலன்ஸ் அங்கேயே மாண்டார். படையில் மூன்றில் ஒரு பங்குதான் தப்பியது.

யார்மூக் போர் வேறு மாதிரி. பைசாந்திய (கிழக்கு ரோமானிய) படையை அரபுப் படை முறியடித்த இந்தப் போருக்கு கி.பி. 636 ஆகஸ்ட் 20 என்று போடுவார்கள். அது ஹிஜ்ரி 15, ரஜப் 12 என்பதை மாற்றிப் பெற்றது. ஆனால் ஹிஜ்ரி ஆண்டு எண்ணும் வழக்கமே கலீஃபா உமர் காலத்தில், ஹிஜ்ரி 17 வாக்கில்தான் வந்தது. போரிட்டவர்கள் எவரும் "15-ஆம் ஆண்டு" என்று சொல்லியிருக்க முடியாது. சில அரபு மூலங்கள் போரை ஹிஜ்ரி 13-லேயே வைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நடு அமெரிக்காவின் மாயா மக்கள் நாள்களை எண்ணிய நெடுங்கணக்கின் தொடக்க நாள் கி.மு. 3114 ஆகஸ்ட் 11 என்று வருவது இன்னும் வேடிக்கை. அது இன்றைய கிரிகோரியன் கணக்கைப் பின்னோக்கி நீட்டிப் போட்ட தேதி. கன்னே போன்ற பழைய ரோமானிய நாள்காட்டித் தேதிகளைத் தவிர, மேலே பார்த்த ஐரோப்பியத் தேதிகள் எல்லாம் சீசர் வகுத்த ஜூலியன் கணக்கு. மாயா தேதியையும் ஜூலியனில் எழுதினால் செப்டம்பர் 6 ஆகிவிடும், ஆகஸ்ட் பட்டியலிலேயே இடமிருக்காது. அட்ரியானோபிளுக்கு இந்த வித்தியாசம் ஒரு நாள்தான், கி.மு. 413 கிரகணத்துக்கு ஐந்து நாள்.

"இத்தனையாவது ஆண்டு நிறைவு" என்று கணக்குப் போடுபவர்களுக்கு இன்னொன்று: கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1. நடுவில் சுழியம் ஆண்டு கிடையாது. இரண்டையும் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும். கன்னேயின் 2,241-ஆம் ஆண்டு நிறைவு 2026-ல் வரும், 2025-ல் அல்ல.

## கல்லறையும் திருநாளும்

அரசர்களின் சரித்திரக்காரர்கள் தேதி தராமல் விட்ட இடத்தில் எதிர்பாராத ஆள்கள் கைகொடுப்பதுண்டு. கி.பி. 778-ல் ஸ்பெயினிலிருந்து திரும்பிய பிராங்கிய அரசர் சார்லமேனின் பின்படையைப் பிரனீஸ் மலைக் கணவாயில் பாஸ்க் மக்கள் வழிமறித்து அழித்தார்கள். இறந்தவர்களில் ரோலண்ட் பின்னாளில் காவிய நாயகனாகி ஐரோப்பா முழுக்கப் பாடப்பட்டார். ஆனால் நாள் நமக்குத் தெரிவது அதே சண்டையில் இறந்த எகிஹார்ட் என்ற அரண்மனை அதிகாரியின் கல்லறைக் கவிதையால்: செப்டம்பர் காலெண்ட்ஸுக்கு முன் பதினெட்டாம் நாள், ஆகஸ்ட் 15. நினைவு நாளுக்கு வழிபாடு செய்ய வேண்டுமே, அதனால் கல்லறைக்காரர்கள் நாளை விடுவதில்லை.

கி.பி. 955-ல் ஆக்ஸ்பர்க் அருகே லெக்ஃபெல்டில் ஜெர்மன் அரசர் முதலாம் ஓட்டோ மாஜியர்களை (ஹங்கேரியர்களை) வென்ற நாளைப் புனித லாரன்ஸ் திருநாள் காப்பாற்றியது. வென்றால் மெர்ஸபர்க்கில் அந்தப் புனிதர் பெயரில் ஆயர் பீடம் அமைப்பதாக ஓட்டோ நேர்ந்துகொண்டார். திருநாள் ஆகஸ்ட் 10. போரும் அதே நாள். ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் நடந்தது என்று வீட்டுப் பெரியவர்கள் ஞாபகம் வைத்திருப்பது போலத்தான்.

## சோழர்கள் ஏன் இந்தப் பட்டியல்களில் இல்லை

தமிழ்க் கல்வெட்டுகள் தேதி சொல்லாமல் இல்லை, நிறையவே சொல்கின்றன. ஆனால் "இன்ன அரசருக்கு யாண்டு இத்தனையாவது" என்று ஆட்சியாண்டில் சொல்கின்றன. பாலம் இல்லாத கணக்கு அது. மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் சேர்ந்து வரும் கல்வெட்டு கிடைத்தால் அதிர்ஷ்டம். இந்த ஐந்தும் ஒன்றாகக் கூடும் நாள் ஒரு அரசரின் காலத்துக்குள் ஒன்றிரண்டு தடவைதான் வரும், எனவே கணக்கிட்டுப் பிடித்துவிடலாம். நிகியாஸின் கிரகணம் செய்த வேலையை இங்கே பஞ்சாங்கம் செய்கிறது. காலக்கணக்கு ஆய்வாளர்களான கீல்ஹார்னும் எல்.டி. சுவாமிக்கண்ணு பிள்ளையும் இப்படித்தான் அரசர்களின் ஆட்சித் தொடக்கங்களை நெருங்கினார்கள். முதலாம் ராஜராஜன் பதவியேற்றது கி.பி. 985 ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு நாள் என்பது அப்படி வந்த முடிவு.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் வைக்க ராஜராஜன் செப்புக்குடம் கொடுத்தது இருபத்தைந்தாம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாள் என்று கல்வெட்டு நாள் கணக்கோடு சொல்கிறது. இதைவிடத் துல்லியமாக ஒருவர் எழுத முடியாது. ஆனால் எண்ணத் தொடங்கிய முதல் நாள் ஒரு மாத அகலத்துக்குள் எங்கோ இருப்பதால், குடம் கொடுத்த நாளும் கி.பி. 1010 மார்ச் கடைசி வாரத்துக்கும் ஏப்ரல் கடைசி வாரத்துக்கும் நடுவே மிதக்கிறது. கல்லில் வெட்டியவருக்கு அந்த முதல் நாளைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்காது. அன்று ஊரில் அதை அறியாதவர் யார்?